காற்று போகும் இடத்துக்கு ரத்தமும் போகிறதா?

மூச்சுத் திணறலோடு வருபவரை முதலில் ஒரு குழாயில் பலம்கொண்ட மட்டும் ஊதச் சொல்வார்கள். இதுதான் ஸ்பைரோமெட்ரி. இரண்டு நுரையீரலும் சேர்ந்து எவ்வளவு காற்றை, எவ்வளவு வேகமாக வெளியேற்றுகின்றன என்று அது காட்டும். எந்தப் பகுதி உழைக்கிறது, எந்தப் பகுதி வீணாகிவிட்டது என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 4 லிட்டர் காற்று நுரையீரலின் சிற்றறைகளை எட்டுகிறது. சுமார் 5 லிட்டர் ரத்தம் அவற்றைச் சுற்றி ஓடுகிறது. காற்று முழுவதும் இடப்பக்கமும் ரத்தம் முழுவதும் வலப்பக்கமும் போனால், கணக்கு சரியாக இருந்தும் உயிர் நிற்காது. இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும்.

நல்ல நுரையீரலிலும் ரத்தம் சமமாகப் பரவுவதில்லை. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ஜான் வெஸ்டும் உடன் பணியாற்றியவர்களும் கதிரியக்க கார்பன் டை ஆக்சைடைச் சுவாசிக்கச் செய்து 1960 வாக்கில் இதை அளந்தார்கள். நிமிர்ந்து உட்கார்ந்தவரின் நுரையீரல் உச்சிக்கு மிகக் குறைந்த ரத்தமே போனது. அடிப்பகுதிக்கு ஏராளமாகப் போனது.

ரத்தமும் காற்றும் எங்கே போகின்றன என்று பார்க்கும் இன்றைய சோதனையில், டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருள் ஏற்றிய நுண்ணிய புரதத் துகள்களைக் கை ரத்தக்குழாயில் செலுத்துகிறார்கள். அவை நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிக்கொள்ளும். ரத்தம் அதிகம் போன இடத்தில் துகள்களும் அதிகம். கதிர்வீச்சைப் பதிவுசெய்யும் காமா கேமரா அதைப் படமாக்குகிறது. பயப்பட வேண்டாம், அடைபடுவது குழாய்களில் மிகச் சிறு பங்குதான். சில மணி நேரத்தில் துகள்கள் சிதைந்துவிடும். காற்றின் வழியைப் பார்க்கக் கதிரியக்க வாயுவையோ நுண்புகையையோ சுவாசிக்கச் செய்கிறார்கள்.

ஓரிடத்தில் காற்று போய் ரத்தம் போகவில்லை என்றால், ரத்தக் கட்டி அடைத்திருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கும். புகைபிடிப்பதால் வரும் நாள்பட்ட நுரையீரல் நோயில் பெரும்பாலும் இரண்டும் ஒரே இடத்தில் குறைந்திருக்கும். ஆக்சிஜன் குறைந்த பகுதியில் ரத்தக்குழாய் தானாகச் சுருங்கிக்கொள்வதும் அதற்கு ஒரு காரணம். 1946இல் சுவீடனில் ஆய்லர், லில்யஸ்ட்ரண்ட் என்ற ஆய்வாளர்கள் விளக்கிய இந்த ஏற்பாட்டை உடலின் அருமையான சிக்கனம் என்றே சொல்வேன்.

புற்றுநோய்க்காக ஒரு நுரையீரலையே அகற்றும் முன்தான் இந்தப் படம் மிகவும் கைகொடுக்கிறது. ஒருவர் முதல் நொடியில் 2 லிட்டர் ஊதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அகற்றப்போகும் நுரையீரலுக்கு ரத்தத்தில் 30 சதவீதம்தான் போகிறது என்றால், பிறகு அவருக்கு ஏறக்குறைய 1.4 லிட்டர் மிஞ்சும். 60 சதவீதம் போகிறது என்றால் 0.8 லிட்டர்தான், அறுவை மருத்துவர் தயங்குவார். அந்தப் படத்தை நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் காட்டி, இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டே சம்மதம் கேட்க வேண்டும்.