தயிர்ச் சட்டியும் குளிசைப் பக்கற்றும்

நெஞ்சுக்குக் கீழே எரிகிறது, வெறும் வயிற்றில் கூடுகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மண்சரிவால் இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பார்க்கக் கண்டியைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகும்போது நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. "நேரத்துக்குச் சாப்பிடாத குறைதான்" என்று சீரகத் தண்ணீரோடு விட்டுவிடுகிறோம்.

எல்லா எரிவும் பசியால் வருவதல்ல. 1982இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் வைத்தியர்கள் பரி மார்ஷலும் ரொபின் வொரனும் நோயாளரின் இரைப்பையிலிருந்து ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பக்டீரியாவை எடுத்து வளர்த்தார்கள். இரைப்பை அமிலத்தில் கிருமி வாழுமா என்று பலர் சிரித்தார்கள். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, சில நாளில் வயிற்று அழற்சிக்கு ஆளானார்! 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நெருக்கமாக வாழும் இடங்களில், பெரும்பாலும் சிறுவயதிலேயே இது தொற்றுகிறது. நெடுநாள் தங்கினால் புண் உண்டாகலாம், சிலருக்குப் புற்றுநோயும் வரலாம்.

தயிர் சாப்பிட்டால் இது மாறுமா என்று கேட்கிறார்கள். மாறாது. கிருமியை அழிப்பவை, அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு சேர்த்து 10 முதல் 14 நாள் வரை கொடுக்கப்படும் அன்டிபயோட்டிக் குளிசைகளே. சிக்கலும் இங்கேதான். நாலாம் நாள் வயிற்றோட்டம், குமட்டல், வாய்க்கசப்பு. கூலிக்குப் போகிறவர் குளிசையை நிறுத்திவிடுகிறார். மிஞ்சிய கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாகிவிடலாம்.

தயிருக்கு வேலை இந்த இடத்தில் உண்டு. லாக்டோபசிலஸ் போன்ற நல்ல நுண்ணுயிர்கள், அதாவது புரோபயோட்டிக், மருந்தால் வரும் வயிற்றோட்டத்தைக் குறைத்து நாளெண்ணிக்கையை முடிக்க உதவுகின்றன. ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுக்கப்பட்டவை தேர்ந்தெடுத்த வகைகள். வீட்டுத் தயிர் அவ்வளவு பலமுள்ளது என்று நாம் சொல்லவில்லை. ஆனாலும் செலவு குறைவு, பழகிய உணவு. குளிசை விழுங்கி இரண்டு மணித்தியாலம் கழித்து ஒரு கோப்பை சாப்பிடுங்கள். கொதிக்கும் கறியில் ஊற்றினால் அந்த நுண்ணுயிர்கள் செத்துவிடும். வெங்காயம், உள்ளி, சாம்பல் வாழைக்காய், பயறு, கௌப்பி ஆகியவை அவற்றுக்குத் தீன். இதைத்தான் பிரிபயோட்டிக் என்கிறார்கள்.

குளிசை தாங்க முடியாவிட்டால் தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். முடித்து ஒரு மாதம் கழித்துக் கிருமி போய்விட்டதா என்று மறுபடி சோதிக்கக் கேளுங்கள். மலம் தார்போலக் கறுத்தாலோ இரத்தவாந்தி வந்தாலோ விடியும்வரை காத்திராமல் கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனைக்கோ, எது கிட்டவோ அங்கே போய்விடுங்கள். கிளினிக் புத்தகம் மண்ணோடு போய்விட்டதே என்று தயங்க வேண்டாம்.