வழங்கியின் சுமையும் வட்டின் வேகமும்

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஒட்டன்சத்திரம், காய்கறிச் சந்தையால் பெயர்பெற்ற ஊர். சுற்றுவட்டாரத்தில் விளையும் முருங்கையும் தக்காளியும் கத்தரியும் இங்கு வந்து குவிகின்றன; கேரளத்திற்குச் சரக்குந்துகளில் புறப்படுகின்றன. அங்குள்ள மண்டி ஒன்றின் கணக்குகள் அனைத்தும் சர்வர் எனப்படும் வழங்கிக் கணினியில் உள்ளன எனக் கொள்வோம். விற்பனை மும்முரமாக நடக்கும் வேளையில் அவ்வழங்கி தடுமாறுகிறது. எடைச்சீட்டு அச்சாவதில்லை; சீட்டு வராமல் உழவருக்குப் பணம் கிடைப்பதில்லை; தக்காளியோ யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

பொறுப்பாளர் திரையை நோக்குகிறார். சராசரிச் சுமை 20 என்று காட்டுகிறது. அக்கணினியின் மையச் செயலகத்தில் கோர்கள் நான்கே. எனவே வேலை மிகுந்துவிட்டது, விரைவான மையச் செயலகம் வாங்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால், அதே திரையின் மற்றொரு வரி, மையச் செயலகம் நூற்றுக்கு ஐந்து பங்கு நேரமே உழைப்பதாகக் கூறுகிறது. உழைப்பே இல்லாத இடத்தில் சுமை எங்கிருந்து வந்தது?

எண் எதனை எண்ணுகிறது?

சந்தை வாயிலில் இருபது வண்டிகள் நிற்கின்றன. உள்ளே விலை முடிப்பவர் கைகட்டி அமர்ந்திருக்கிறார். மூட்டை இறக்குபவர் ஒருவரே என்பதால், சரக்கு அவர் முன் வந்து சேரவில்லை. வாயிலில் நிற்கும் வண்டிகளை மட்டும் எண்ணுபவர், விலை முடிப்பவருக்கு ஓய்வே இல்லை என்று கருதிவிடுவார். லினக்ஸ் இயக்க அமைப்பு தரும் சராசரிச் சுமையும் இத்தகைய வாயிற்கணக்கே. மையச் செயலகத்தில் இயங்குபவை, அதில் இடம் கேட்டு நிற்பவை ஆகியவற்றோடு, வட்டிலிருந்து தரவு வருவதற்காக உறங்கிக் காத்திருக்கும் செயல்முறைகளையும் அது சேர்த்தே எண்ணுகிறது.

யூனிக்ஸ் வழிவந்த பிற அமைப்புகள் பலவற்றில் இவ்வழக்கம் இல்லை. லினக்ஸில் 1993ஆம் ஆண்டு மத்தியாஸ் உர்லிக்ஸ் என்பவர் முன்வைத்த திருத்தத்தால் இது புகுந்தது. அவருடைய வாதம் நுட்பமானது. விரைவான வட்டை நீக்கி, மெதுவான வட்டைப் பொருத்தினால் கணினி தளர்கிறது. ஆனால், செயல்முறைகள் யாவும் வட்டுக்காக உறங்கிவிடுவதால், பழைய முறையில் சுமை எண் குறைந்து தோன்றும். கணினி தளரும்போது எண் குறைவது முறையன்று என்பதே அவர் கருத்து. அவர் கூறியது சரியே எனினும், ஓர் எண்ணில் இருவகைக் காத்திருப்புகள் கலந்துவிட்டதையும் மறுப்பதற்கில்லை.

வட்டு ஏன் தாமதிக்கிறது?

சுழலும் வட்டு ஒன்று நிமிடத்திற்கு 7,200 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லிநொடி. வேண்டிய இடம் படிப்புமுனையின் கீழ் வருவதற்குச் சராசரியாக அரைச்சுற்று ஆகும். முனை நகரும் நேரத்தையும் கூட்டினால், சிதறிக் கிடக்கும் தரவுக்கான ஒரு கோரிக்கைக்குப் பன்னிரண்டு மில்லிநொடி எனக் கொள்ளலாம். இருபது கோரிக்கைகள் வரிசையில் நின்றால், கடைசியில் நிற்பது கால் நொடியளவு காத்திருக்க வேண்டும். மையச் செயலகத்திற்கோ அது நெடுங்காலம்.

காரணத்தைத் தேடல்

‘டாப்’ என்னும் கட்டளை காட்டும் உள்ளீட்டுக் காத்திருப்பு விழுக்காட்டை முதலில் நோக்குதல் வேண்டும். அது உயர்ந்திருந்தால் ஐயம் வட்டின்மேல் விழும். தாழ்ந்திருப்பதாலேயே வட்டு குற்றமற்றது என்று விட்டுவிடலாகாது. அவ்விழுக்காடு, மையச் செயலகம் வேலையின்றி இருந்த நேரத்தின் ஒரு பகுதியே. வேறொரு நிரல் அந்நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டால், வட்டின் இடர் நீங்காமலேயே விழுக்காடு குறைந்துவிடும்.

ஆகவே, காத்திருப்பவை எவை என்று நேரே காண்பதே நன்று. ‘பிஎஸ்’ கட்டளை தரும் பட்டியலில் ‘டி’ என்னும் குறி பெற்றவை, இடையில் எழுப்ப இயலாத உறக்கத்தில் இருப்பவை. அவற்றை நிறுத்த முயன்றாலும் பெரும்பாலும் நிற்பதில்லை. ‘ஐஓஸ்டாட்’ கட்டளை, ஒவ்வொரு வட்டிலும் கோரிக்கைகள் சராசரியாக எத்தனை மில்லிநொடி காத்திருக்கின்றன என்பதைத் தெரிவிக்கும்.

காரணம் பலவாக இருக்கலாம். பகலில் தொடங்கிய காப்புநகல் பணியாயின், அதனை இரவுக்கு மாற்றினால் போதும். நினைவகம் போதாமல் தரவு வட்டுக்கும் நினைவகத்துக்குமாக அலைவதும் உண்டு. ‘விஎம்ஸ்டாட்’ கட்டளை அதனைக் காட்டிவிடும். இதற்குத் தேவை கூடுதல் நினைவகமே. டெபியன் வகை லினக்ஸில், இரட்டை வட்டுத் தொகுதிகள் மாதத்தின் முதல் ஞாயிறன்று தாமாகவே சரிபார்க்கப்படுவது வழக்கம். மாதத்தில் ஒரு நாள் மட்டும் வரும் தடுமாற்றத்திற்கு நாட்காட்டியே சான்றாவதும் உண்டு.

இயக்க அமைப்பின் பதிவேட்டில் படிப்புப் பிழைகள் மீண்டும் மீண்டும் பதிவாகியிருந்தால், வட்டே பழுதடைகிறது எனக் கொள்ளலாம். அந்நிலையில் மேலும் சோதனைகளால் வட்டை வருத்துதல் கூடாது. அது இயங்கிக்கொண்டிருக்கும்போதே மண்டிக் கணக்குகளை வேறொரு வட்டில் படியெடுத்துவிட வேண்டும். ஆய்வு அதன்பின் தொடரலாம்.