ஒளி காட்டிக்கொடுக்கும் துகள்

அம்பத்தூருக்கு வடக்கே பரந்து கிடந்து, சென்னை நகரத்தின் தாகம் தீர்க்கும் புழல் ஏரியின் ஜலத்தை ஆராய்ந்த விஞ்ஞானிகள், லிட்டருக்குச் சராசரியாக 5.9 பிளாஸ்டிக் துகள்களும், அடிமண்ணில் கிலோவுக்கு 27 துகள்களும் இருப்பதாக 2020-ஆம் ஆண்டில் எழுதினார்கள். 5 மில்லிமீட்டருக்கும் சிறிய இத்துகள்களை மணலினின்றும் பஞ்சிழையினின்றும் பிரித்தறியக் கண்ணோ பூதக்கண்ணாடியோ போதாது. இது பிளாஸ்டிக்தான், அதிலும் இன்ன ஜாதி என்று நிச்சயிக்க ஒளியின் சாட்சியம் வேண்டும்.

நீரை வடிகட்டி, பாசி முதலிய ஜீவ பதார்த்தங்களை ஹைட்ரஜன் பெராக்சைடினால் அழித்து, எஞ்சியதை அடர்ந்த உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு எடுப்பது முதற் காரியம். (சோதிப்பவரின் பாலியெஸ்டர் சட்டையிலிருந்து உதிரும் இழையே கணக்கைக் கெடுக்குமாதலால், அங்கே பருத்தி அங்கிக்குத்தான் மரியாதை!) அப்பால் அகச்சிவப்புக் கிரணங்களைச் செலுத்தினால், பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன், பாலிஸ்டைரீன் ஆகிய ஒவ்வொன்றின் மூலக்கூறும் தன் அதிர்வுக்கு இசைந்த அலைகளை மட்டும் கவர்ந்துகொள்ள, கிடைக்கும் நிறமாலை கைரேகைபோல் அதன் இனத்தைக் காட்டிவிடுகிறது. புழலில் கையாண்ட முறையும் இதுவே.

ஏறத்தாழ 10 மைக்ரானுக்குக் கீழே இம்முறை தடுமாறும். அங்கே துணை நிற்பது, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி. வி. ராமன் 1928-இல் கண்டு, 1930-இல் நோபல் பரிசு பெற்ற விளைவு: பாய்ச்சிய லேசர் ஒளியில் சுமார் கோடியில் ஒரு பங்கே நிறம் மாறிச் சிதறினும், அந்த அற்ப மாற்றத்தைக் கொண்டே 1 மைக்ரான் துகளையும் இனங்காணலாம்.

கொரட்டூர், அம்பத்தூர், செம்பரம்பாக்கம் ஏரிகளிலும் இச்சோதனையை ஆண்டுதோறும் நடத்தி, முடிவைப் பொதுஜனங்களுக்கு அறிவிக்க அதிகாரிகள் முன்வர வேண்டும்.