ஈரலில் நோய், காலில் செம்புள்ளி

கணுக்காலைச் சுற்றிச் செம்புள்ளிகள் எழும்பினால் சாவகச்சேரிப் பக்கத்தில் 'வெக்கை' என்று சொல்லிவிடுவார்கள். ஈரல் நோய் உள்ளவருக்கு அப்படி வந்தால் தயவுசெய்து சும்மா விடாதீர்கள். கண்ணாடிக் குவளையின் அடியால் அழுத்திப் பாருங்கள். சாதாரணச் சிவப்பு மறையும். மறையாமல், தடவும்போது சற்றுத் தடிப்பாகவும் இருந்தால் நுண்ணிய குருதிக்குழாய்களின் சுவர் அழன்று, குருதி தோலுக்குள் கசிந்திருக்கக்கூடும்.

ஈரல் புற்றுநோயாளரிடம் இந்தக் குருதிக்குழாய் அழற்சி அரிது. புற்றுக்கட்டியே இதைத் தூண்டுவது அதிலும் அரிது. முதலில் சந்தேகப்பட வேண்டியது வைரசைத்தான். ஈரலழற்சி 'பி' வைரசின் மேலுறைப் புரதமும் அதை எதிர்க்கும் பிறபொருளெதிரியும் ஒட்டித் திரளாகி நாடிச் சுவரில் படிகின்றன. வெண்குழியங்கள் அங்கே பாய்ந்து சுவரையே சிதைக்கின்றன. பாதம் தொய்யும், சாப்பிட்டபின் வயிறு வலிக்கும், குருதியமுக்கம் ஏறும். 'பி' வைரசுக்கும் இந்த அழற்சிக்கும் உள்ள தொடர்பு 1970இல் தெரியவந்தது.

ஈரலழற்சி 'சி' வைரசின் வழி வேறு. அது தூண்டும் சில புரதங்கள் குளிரில் உறைந்து படியும். அவற்றைத் தேட எடுக்கும் குருதியை, தெளியம் பிரியும்வரை 37 பாகை வெப்பத்திலேயே வைத்திருக்க வேண்டும். யாழ்ப்பாண அறை வெப்பங்கூட அதற்குக் குளிர்தான். வழக்கம்போல் குளிர்ப்பெட்டியில் அனுப்பினால், நோய் இருந்தும் 'இல்லை' என்று அறிக்கை வரலாம்.

இலங்கையில் ஈரல் புற்றுநோய்க்குப் பின்னால் வைரசைவிட மதுவும் கொழுப்பு ஈரலுமே அதிகம். அதனாலேயே வைரஸ் நினைவுக்கு வராமல் போகும் ஆபத்து உண்டு. செங்கமாரிக்குக் கீழ்க்காய்நெல்லி போதும் என்ற நம்பிக்கையும் நம்மிடம் ஆழமானது. 1988இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த மூலிகை 'பி' வைரசை நீக்குவதாக நம்பிக்கையூட்டும் முடிவு வெளியிட்டார்கள். பிந்திய ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை.

அழற்சி என்றதும் ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம். வீக்கம் வற்றும், நோயாளிக்கும் சுகம்போல இருக்கும். ஆனால் உள்ளே 'பி' வைரஸ் இருந்தால் அது தடையின்றிப் பெருகி ஈரலை மேலும் அழிக்கும். டெனோஃபோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தும் கூடவே வேண்டும். இலங்கையில் குழந்தைகளுக்கு 2003இலிருந்துதான் 'பி' தடுப்பூசி போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் அதைப் பெற்றிருக்க மாட்டார்கள். ஆகவே முதல் ஸ்டீராய்டு மாத்திரைக்கு முன்பே 'பி', 'சி' இரண்டுக்கும் குருதிப் பரிசோதனை செய்தாயிற்றா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.