கூப்பர் நதிக்கரைக்குப் பிரயாணம் செய்வோர் அறியவேண்டியவை

ஆஸ்திரேலியாவின் உட்பிரதேசத்திலே, குயின்ஸ்லாந்தில் பொழிந்த மழையைத் தாங்கி மேற்கே செல்லும் கூப்பர் க்ரீக் என்னும் நதி, சமுத்திரத்தை நாடாமல் ஐர் ஏரியை நாடிச் சென்று, பெரும்பாலான வருஷங்களில் அதையும் எட்டாது மணலிலேயே அடங்கிவிடும் இயல்பினது. 1861 ஏப்ரல் 21ஆம் தேதி மாலையில், கண்டத்தின் வடகரைக்கு அருகே வரை போய்த் திரும்பிய நாடாய்வுப் பயணிகளான பர்க்கும் வில்ஸும் கிங்கும் இந்நதிக்கரையிலிருந்த தங்கள் முகாமை வந்தடைந்தபோது, மாதக்கணக்காகக் காத்திருந்த சகாக்கள் அன்று காலையில்தான் அவ்விடம் விட்டுப் புறப்பட்டிருந்தார்கள். பின்னர் பர்க்கும் வில்ஸும் மாண்டது தாகத்தால் அன்று. மடுவில் ஜலம் இருந்த அக்கரையிலேயே, நார்டூ என்னும் நீர்ப்பூண்டை அப்பிரதேசத்தார் அறிந்த பக்குவமின்றி உண்டு, உடல் நலிந்து இறந்தார்கள். யாண்ட்ருவாண்டா மக்கள் சோறிட்டு ஆதரித்த கிங் ஒருவரே பிழைத்தார்.

இன்றும் அங்கே அபாயம் தண்ணீர்ப் பஞ்சம் ஒன்றினால் மட்டும் வருவதன்று. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் பெய்த மழையின் வெள்ளம், வாரங்கள் கழித்து, மேகமே இல்லாத வானத்தின்கீழ் வந்து மண்சாலையை மறித்துவிடும். மூடிய சாலையில் வண்டி ஓட்டுவது அபராதத்துக்குரிய குற்றம். வண்டியை வாடகைக்கு விடுவோரின் ஒப்பந்தங்கள் பலவற்றில் தார் போடாத சாலைக்குக் காப்பீடு செல்லாது என்ற ஷரத்து இருப்பதால், கையெழுத்திடுமுன் அதை வாசித்து, அனுமதியை எழுத்திலேயே பெற வேண்டும். ஆயினும் வண்டியே பழுதுள்ளதாயின், நுகர்வோர்க்குச் சட்டம் தரும் உத்தரவாதத்தை எந்த ஷரத்தும் பறிக்க இயலாது. மாநில நுகர்வோர் அலுவலகத்தில் முறையிடலாம்.

இந்நதி மேற்கே சென்று புகும் தெற்கு ஆஸ்திரேலியாவின் 1989ஆம் வருஷத்துச் சட்டம், மேய்ச்சல் குத்தகை நிலத்தில் கால்நடையாகச் செல்லவும் தற்காலிகமாகத் தங்கவும் எவர்க்கும் உரிமை அளிக்கிறது. ஆனால் வீடுகளுக்கு 1 கிலோமீட்டருக்குள்ளும், மாடுகளுக்கென அமைத்த தண்ணீர்த்தொட்டிக்கு 500 மீட்டருக்குள்ளும் கூடாரம் அடிக்கலாகாது. மனிதர் இருப்பது கண்டால் மாடுகள் மிரண்டு, நீரை அணுகாமல் தாகத்தோடு ஒதுங்கி நிற்கும். பழங்குடியினரின் கற்கருவி கண்ணிற்பட்டால், எடுக்காமல் கிடந்த இடத்திலேயே விட்டுவிடவேண்டும்.

வண்டி நின்றுவிட்டால், உதவி தேடி நடந்து போகாதீர்கள்; ஆகாயத்திலிருந்து தேடுவோர் கண்ணுக்கு வண்டி புலப்படும், தனி மனிதன் புலப்படான். கைபேசி அங்கே பெரும்பாலும் பயன்படாது. ஆகவே 406 மெகாஹெர்ட்ஸில் அபாய அழைப்பு அனுப்பும் கருவியைப் புறப்படுமுன்பே ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.