எண்ணெயோடு கலக்கும் நீர்



கேரித் தீவில் காற்று நம் பக்கம் திரும்பி வீசும் நாள்களில், செம்பனை ஆலையின் ஆவி வாசம் லயத்து வாசல்வரை வரும். ஒரு நாள் என் வகுப்பு மாணவன் ஒருவன், "சார், பழத்தைப் பிழிந்தாலே எண்ணெய் வருமே, முதலில் ஏன் அவிக்கிறார்கள்?" என்று கேட்டான். நல்ல கேள்வி.

ஆலைக்கு வந்த குலைகளை இரும்புக் கலத்தினுள் தள்ளி, கதவை இறுக மூடி, நீராவியைச் செலுத்துகிறார்கள். உள்ளே வெப்பம் ஏறத்தாழ 140 பாகை செல்சியஸ். ஒரு மணி நேரத்திற்கு மேலாக அவிகிறது. அடிபட்ட பழத்தில் எண்ணெயைக் கெடுத்துப் புளிப்பேற்றும் ஒரு நொதி உண்டு. ஆவி அதைச் செயலிழக்கச் செய்கிறது, காம்பைத் தளர்த்திப் பழத்தை உதிர்க்கிறது, சதையை இளக்குகிறது. அப்படி அவிக்காவிட்டால், வெட்டியவரும் சுமந்தவரும் பட்ட பாட்டில் ஒரு பங்கு சக்கையோடு போய்விடும்.

நிலத்தடி எண்ணெயிலும் இதே தொல்லைதான். அது பூமிக்குள் குளம்போல் கிடப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று, பாறையின் நுண்துளைகளில் ஊறிக் கிடக்கிறது. சில இடங்களில் அது தார் போல் கெட்டியானது. கிணறு தோண்டினாலும் வராது. இந்தியாவில், ராஜஸ்தான் பாலைவனத்திலுள்ள பாகேவாலா என்னுமிடத்தில் 1991இல் இத்தகைய எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. ஆயில் இந்தியா நிறுவனத்தார் அங்கே கிணற்றுக்குள் நீராவியைச் செலுத்தி, சில நாள் மூடி வைத்து, எண்ணெய் இளகிய பின் அதே கிணற்றின் வழியே மேலே எடுக்கும் முறையைக் கையாண்டனர். குலை அவிப்பதைப் பாறைக்குள் செய்வது போலத்தான்!

ஆனால் நீராவி எண்ணெயை இளக்குமே தவிர, அதனோடு கலக்காது. கலந்தால் இன்னும் மிகுதியாக வழித்தெடுக்கலாம் அல்லவா? அப்படிக் கலக்கும் நீரும் உண்டு.

நீரை மூடிய கலத்தில் சூடாக்கினால் அழுத்தம் ஏறும். நம் வீட்டுக் குக்கரில் அது வெளிக்காற்றைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. நீர் 120 பாகையில் கொதிக்கும். அழுத்தம் 220 மடங்கை நெருங்கி, வெப்பம் 374 பாகையைத் தாண்டினால், நீர், ஆவி என்ற வேறுபாடே மறைந்துவிடும். இதை மீமாறுநிலை நீர் என்கிறோம்.

இந்நிலையை முதலில் உணர்ந்தவர் காக்னியார் டி லா டூர் என்ற பிரெஞ்சுக்காரர், ஆண்டு 1822. துப்பாக்கிக் குழலினுள் சாராயம் போன்ற திரவத்தையும் ஒரு கல்லுருண்டையையும் இட்டு அடைத்து, சூடாக்கி உருட்டினார். உருண்டை திரவத்தில் விழும் 'தளக்' ஓசை, ஒரு வெப்பத்திற்கு மேல் நின்றுவிட்டது. உள்ளே திரவமே இல்லை! கண்ணால் காண வழியில்லாததைக் காதால் கண்டவர் அவர். பின்னர்க் கண்ணாடிக் குழாயில் நீரை வைத்துச் சோதித்தபோது, நீர் கண்ணாடியையே அரித்தது.

சாதாரண நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால் எண்ணெய்க்கு இடம் தருவதில்லை. மீமாறுநிலையில் அந்தப் பிடி தளர்கிறது, எண்ணெய் கரைகிறது. எண்ணெயின் பெரிய மூலக்கூறுகள் சில உடைந்து, நீர்த்த எண்ணெயாகவும் மாறுகின்றன.

அப்படியானால் எங்கும் இதையே செய்யலாமே என்று தோன்றும். முடியாது. அவ்வளவு அழுத்தம், 2,200 மீட்டர் ஆழ நீரின் அடியில் இருக்கும் அழுத்தத்திற்குச் சமம். பாகேவாலா எண்ணெய் அதில் ஏறத்தாழ பாதி ஆழத்தில்தான் உள்ளது. அங்கே இதைச் செலுத்தினால் பாறை பிளந்துகொள்ளும். ஆகவே மிக ஆழமான வயல்களே இதற்கு ஏற்றவை. எரிபொருள் செலவும் பெரிது.

இன்னொன்று உப்பு. மீமாறுநிலை நீரில் எண்ணெய் கரையும், ஆனால் உப்பு கரையாமல் குழாயில் படிந்துவிடும். எனவே நீரை முன்கூட்டியே நன்றாகச் சுத்திகரிக்க வேண்டும். நம் ஆலையில் பாய்லருக்குப் போகும் நீரைச் சுத்திகரிப்பதும் இதை ஒட்டியதே. குழாயின் உட்புறம் படிவு ஏறினால் நீரின் குளிர்ச்சி இரும்பை எட்டாது; இரும்பு மிதமிஞ்சிச் சூடேறி, இளகி, வெடிக்கும். பாய்லர் பக்கத்தில் வேலை செய்யும் நம்மவர் நீரைச் சோதித்துப் பதிவேட்டில் குறிக்கிறார்களே, அது இதற்காகத்தான்.