பழைய குளியலறைக்குப் புது வாழ்வு



வீட்டை அழகுபடுத்துவது பற்றிப் பேசும்போது நம்மிற் பெரும்பாலோர் வரவேற்பறையையே நினைக்கின்றோம். விருந்தினர் அமரும் நாற்காலிக்குப் புதிய உறை தைப்பிக்கின்றோம். யன்னலுக்குப் புதிய திரை தொங்கவிடுகின்றோம். ஆனால், வீட்டிலுள்ளோர் அனைவரும் நாள்தோறும் காலையில் நுழையும் குளியலறையோ, சுவரிற் பூஞ்சணமும் தரையிற் பாசியுமாக, மங்கிய விளக்கின் கீழ்க் கிடக்கின்றது. அதைத் திருத்தப் பெரும்பணம் வேண்டுமே என்று தள்ளிப்போடுகின்றோம். குறைந்த செலவில் அதனை எவ்வாறு சீர்செய்யலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முன்னாளிலே நமது முன்னோர் கிணற்றடியில் நீராடினர். சுற்றிலும் கிடுகு வேலி. மேலே திறந்த வானம். குளித்த நீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் கமுகுக்கும் ஓடிற்று. வெயிலும் காற்றும் தரையை விரைவில் உலர்த்தின. பின்னர் நாம் குளிப்பை நான்கு சுவர்களுக்குள்ளே கொண்டுவந்தோம். தண்ணீர் உள்ளே வந்தது. வெயிலும் காற்றும் வெளியே நின்றுவிட்டன. பழைய குளியலறைகளின் குறைகளுட் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கின்றன. ஆகவே, திருத்த வேலையிலும் நீர் வடிதல், காற்று, வெளிச்சம் ஆகியவற்றுக்கே முதலிடம் கொடுத்தல் வேண்டும். அலங்காரம் அதன் பின்னரே வரவேண்டியது. இந்த ஒழுங்கை மாற்றி, ஈரச் சுவருக்கு மேலே விலையுயர்ந்த வர்ணம் பூசுவோமாயின், அடுத்த மாரிக்குள் அது செதில் செதிலாக உரிந்துவிடும். செலவழித்த பணமும் அதனோடு போய்விடும்.

முதலில் நீரைக் கவனிப்போம். ஒரு வாளி தண்ணீரைத் தரையில் ஊற்றிச் சிறிது நேரம் பார்த்திருங்கள். நீர் முழுவதும் வடிகாலை நோக்கி ஓடினால் நன்று. மூலையிலே தேங்கி நின்றால், தரையின் வாட்டம் பிழை. ஓரடி தூரத்துக்குக் கால் அங்குலம் தாழ்ந்திருந்தாற் போதும். பெரும்பாலும் தரை முழுவதையும் உடைக்க வேண்டியதில்லை. தேங்கும் இடத்தை மட்டும் கொத்தி, மேசன் ஒருவரைக் கொண்டு மீண்டும் பூசுவிக்கலாம்.

அடுத்தது கசிவு. குழாயிலிருந்து நொடிக்கு ஒரு துளி சொட்டினால், ஒரு நாளில் 86,400 துளிகள் வீணாகின்றன. ஒரு துளி கால் மில்லிலீற்றர் எனக் கொண்டால், அது 21 லீற்றருக்கு மேல் ஆகும். இதனைத் தடுக்கப் பல வேளைகளில் ஒரு சிறு றப்பர் வளையமே போதுமானது. மலசலகூடத்துத் தண்ணீர்த் தொட்டியிலும் சிறிது வர்ணநீரை ஊற்றிவையுங்கள். தொட்டியைத் திறந்துவிடாமலே கிண்ணத்தில் அந்நிறம் தோன்றினால், அங்கும் கசிவு உண்டு.

துர்நாற்றம் இருந்தால் வாசனைத் திரவியத்தைத் தேடவேண்டாம். வடிகாலின் கீழுள்ள வளைகுழாயிற் சிறிதளவு நீர் எப்பொழுதும் நிற்றல் வேண்டும். அந்நீரே கழிவுக்குழாயின் வாயுவை உள்ளே வராமல் மறிக்கின்றது. அலெக்சாந்தர் கமிங் என்னும் ஸ்கொத்லாந்துக் கடிகாரத் தொழிலாளர், 1775 ஆம் ஆண்டில் இத்தகைய வளைகுழாயுடன் கூடிய மலசலகூடத்துக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். நெடுநாள் பாவியாத வடிகாலில் அந்நீர் வற்றிவிடும். ஒரு வாளி நீர் ஊற்றினால் நாற்றம் நின்றுவிடக் கூடும்.

இனிக் காற்றும் வெளிச்சமும். மூடிக்கிடக்கும் யன்னலைத் திறக்கச் செய்யுங்கள். சுவரின் மேற்பகுதியிற் காற்றுத் துவாரம் இல்லையாயின் ஒன்று அமைப்பியுங்கள். ஓட்டுக்கூரையாயின் ஓரிரு ஓடுகளை எடுத்துக் கண்ணாடி ஓடுகளைப் பதித்தால், பகலில் விளக்கே வேண்டியிராது. ஆனால் ஓர் எச்சரிக்கை: பழைய கூரை அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால், அதனை அறுக்கவோ துளைக்கவோ உடைக்கவோ வேண்டாம். அதிலிருந்து எழும் நுண்ணிய தூசி சுவாசப்பைக்குப் பெருங்கேடு விளைப்பது.

இவை முடிந்த பின்னரே மேற்பரப்புக்கு வரலாம். பீங்கான் ஓடுகள் உறுதியாக இருப்பின் அவற்றைப் பெயர்க்க வேண்டியதில்லை. ஓடுகளின் இடையே கறுத்துப்போன சாந்தைச் சுரண்டி, புதுச் சாந்து இட்டாலே சுவர் புதுமை பெறும். கூரையின் உட்புறத்துக்கு வெள்ளையும், சுவர்களுக்கு இளநிறமும் பூசினால் சிற்றறையும் விசாலமாகத் தோன்றும். யன்னலுக்கு எதிரே கண்ணாடி ஒன்றைத் தொங்கவிட்டால் வெளிச்சம் பெருகும். தரையிற் கிடக்கும் போத்தல்களையும் தூரிகைகளையும் ஏற்றிவைக்க ஒரு தட்டும், துவாய்க்கு நான்கு கொளுக்கிகளும் போதும். சுத்தம் செய்யும்போது அமிலத்தையும் குளோரீன் கலந்த வெளிற்றும் திரவத்தையும் ஒருபோதும் ஒன்றுசேர்க்க வேண்டாம். அவை கலந்தால் நச்சுவாயு எழும்.

நேயர்களே, பணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடக் கூடாத செலவு ஒன்றுண்டு. வீட்டிலுள்ள முதியோரின் பாதுகாப்புக்கான செலவே அது. நமது நாட்டுப் பழைய வீடுகளிலுள்ள மினுக்கிய சிவப்புச் சீமெந்துத் தரை பார்வைக்கு அழகானது. சவர்க்கார நீர் பட்டாலோ மிக வழுக்குவது. அங்கே விழும் பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்தால், அவர் மீண்டும் முன்போல் நடமாடுவது கடினமாகலாம். ஆகையால் குளிக்கும் இடத்திற் சொரசொரப்பான தரையை அமைப்பியுங்கள். அமர்ந்தெழும் இடத்தருகே ஏறக்குறைய மூன்றடி உயரத்தில், சுவரில் ஆழப் பதித்த கைப்பிடி ஒன்றைப் பூட்டுவியுங்கள். துவாய் தொங்கும் கம்பி மனிதப் பாரத்தைத் தாங்காது. வெந்நீர்க் கருவி இருப்பின், மின்கசிவு நேர்ந்தவுடன் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ட்றிப் சுவிச் வீட்டில் உண்டா, ஒழுங்காக வேலை செய்கின்றதா என்பதைத் தகுதிவாய்ந்த மின்வேலையாளரைக் கொண்டு பார்ப்பியுங்கள்.

இவை அனைத்தையும் ஒரே மாதத்திற் செய்துமுடிக்க வேண்டியதில்லை. இம்மாதம் கசிவு, அடுத்த மாதம் கைப்பிடி, பின்னர் யன்னல், இறுதியாக வர்ணம் எனச் சம்பளத்துக்கு ஏற்றவாறு ஒவ்வொன்றாகச் செய்யலாம். வருகின்ற விடுமுறை நாளில் வாளித் தண்ணீர்ப் பரிசோதனையோடு தொடங்குங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை.